கையில வச்ச சாவிக்கொத்து

படப்பை,
ஞாயித்துக்கிழமை.

அன்பு மகள் சசிரேகாவுக்கு அப்பா எழுதறது. இங்க நான் சாப்பிடறேன், தூங்கறேன், ஷிப்டுக்குப் போறேன், திரும்பி வூட்டுக்கு வரேன், அதுக்குப் பேரு சௌக்கியம்னா நான் சௌக்கியமாத்தான் இருக்கேன். நீயும் அந்த டேராடூன் குளிர்ல வேளைக்குச் சாப்பிட்டு ஒடம்ப கெடுத்துக்காம இருக்கணும்னு வேண்டிக்கறேன். போன்ல பேசாம இன்னாத்துக்கு அப்பா காயிதம் எழுதறாருன்னு நினைப்ப. உங்க மெடிக்கல் காலேஜுல கேட்ட ஷூரிட்டி பேப்பரு ஒரிஜினலாத்தான் வரணும்னு சொன்னியே, அந்தக் கவருக்குள்ளயே இதையும் வச்சிடலாம்னுதான். இன்னொண்ணும் இருக்கு, போன்ல நீயும் பேச மாட்டேங்கற நானும் பேச மாட்டேங்கறேன், ஒருத்தர் மூச்சு வுடறத இன்னொருத்தர் கேட்டுகினு இருக்கோம். எழுதுனா நீ கட் பண்ண முடியாதுல்ல.

நம்ம தெருவுல டிரெய்னேஜுக்குத் தோண்டிப் போட்டுட்டு அப்படியே வுட்டுட்டாங்க, ஷேர் ஆட்டோ உள்ள வர மாட்டேங்குது, மெயின் ரோட்ல எறங்கி சேத்துல நடந்துதான் வரேன். தண்ணி மோட்டாரு நின்னு போச்சு, கேபாசிட்டர்தான், நானே மாத்திட்டேன். மிக்சி நல்லாத்தான் ஓடுது, ஆனா நான் சட்னி அரைக்கறது இல்ல. ஆயுத பூஜைக்கு கம்பெனியில குடுத்த பொரி பாக்கெட்டு இன்னும் பிரிக்காம ஃப்ரிட்ஜு மேலயே கீது. அம்மா நம்பருக்கு இந்த மாசமும் ரீசார்ஜ் பண்ணிட்டேன், எதுக்குன்னு கேக்காத, எனக்கே தெரியல. உங்க அத்த போன் பண்ணி, நாப்பத்தாறெல்லாம் ஒரு வயசாடா பாண்டு, காஞ்சிபுரத்துல ஒரு எடம் இருக்கு பாக்கட்டுமான்னு கேட்டுச்சு. கோவம் கூட வரல எனக்கு. டேங்க் ரொம்பிடுச்சு அப்புறம் பேசறேன்னு வச்சிட்டேன், டேங்க் ரொம்பவே இல்ல.

போன வாரம் நீ சொன்னதுதான் மண்டைக்குள்ளயே சுத்திகினு இருக்கு. ஆஸ்திரேலியாவுல மூணு மாசம் ரொட்டேஷன், ஆம்புலன்ஸுக்குள்ளயே தலைய ஸ்கேன் பண்ற மெஷின வச்சிகினு நோயாளி வூட்டு வாசலுக்கே போற டீமோட வேலை, உன்ன எடுத்துட்டாங்கன்னு சொன்ன. அங்க கத்துக் குடுக்கறதுக்குக் காசு கேக்கல, ஆனா டிக்கெட்டு, விசா, ரூமு, இன்சூரன்ஸு எல்லாம் உன் கையிலேர்ந்துதான், போதாததுக்கு அந்த மூணு மாசம் உன் ஸ்டைபண்டும் நிறுத்திடுவாங்க, டிபார்ட்மெண்ட்ல இருக்கற ஃபண்டு ஒருத்தருக்குத்தான் வரும், அது உன் சீனியருக்குப் போயிடுச்சுன்னு சொன்ன. நான் யோசிக்காம சொல்லிட்டேன், அம்மா வேலை செஞ்ச கம்பெனியில எல்லாரும் ஒரு நாள் சம்பளம் எழுதிக் குடுத்தாங்களே, அது உன் பேர்ல பேங்க்ல அப்படியேதான் இருக்கு, எடுத்துக்கன்னு. அம்மா செத்த காசுல நான் ஃப்ளைட் ஏற மாட்டேன்ப்பா, மலைக்குப் போனதுக்கே நான் பட்டது போதும்னு சொல்லிட்டு வச்சிட்ட.

நீ சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். மாசி மாசம் உன்ன மலை மேல ஜில்லா ஆஸ்பத்திரியில மூணு மாசத்துக்குப் போட்டிருந்தாங்க, அம்மா விழுந்த அன்னிக்குப் பனி கொட்டி ரோடு அடைச்சிகிச்சு, நீ வந்து சேர்ற வரைக்கும் அவள ஐஸ் பொட்டியில வச்சிகினு நாங்க உக்காந்திருந்தோம். அந்தப் பொட்டி கம்ப்ரஸர் ஓடற சத்தம், நின்னு திரும்ப ஓடறது, அதத்தான் நான் கவனிச்சிகினு இருந்தேன், வேற எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல. அதுக்கப்புறம் இன்னும் தூரமா போன்னா உனக்கு எப்படி இருக்கும். தமிழ்வாணன் மாமாகிட்ட கேட்டேன். அக்கா காசு பொண்ணு கழுத்துக்குத்தான் ஆவணும், ஏரோப்ளேனுக்குப் போட்டு கரைக்காதீங்க மாமான்னான். அவனும் அக்காவ இழந்தவன், அவன்கிட்ட இன்னா வாதாடறது.

ஆனா ஒண்ணு எனக்கு ஆற மாட்டேங்குது சசி. நீ எட்டாவது படிக்கறப்ப புது வெல்டிங் ரோபோ வந்துச்சுன்னு எங்க கம்பெனியில என்ன ஜப்பானுக்கு அனுப்புனாங்களே ஞாபகம் இருக்கா, அம்மா கட்டிக் குடுத்த எலுமிச்சங்கா ஊறுகா பாட்டிலு பொட்டிக்குள்ள ஒடஞ்சி, கம்பெனி குடுத்த கோட்டுல எண்ணெய் வழிய நான் அங்க போயி நின்னேன். டிக்கெட்டு அவங்க, ஓட்டலு அவங்க, துணி தொவைக்கற காசு கூட அவங்கதான், இங்க சம்பளம் ஒரு பைசா நிக்கல. ஏன்னா ரோபோ நின்னா நிமிஷத்துக்கு எவ்ளோ நஷ்டம்னு எங்க ஷாப்புல போர்டே வச்சிருக்காங்க, அதப் பாத்தா ட்ரெய்னிங்குக்குக் காசு தானா வரும். மனுஷி விழுந்தா எந்தப் போர்டுலயும் ஏறாது. அதான் ரிப்பேர் பாக்கற என்ன கம்பெனி செலவுல அனுப்புனாங்க, உசுர பாக்கற உன்ன சம்பளம் இல்லாம அனுப்பி, திரும்பி வரலன்னா அப்பன் பணம் கட்டணும்னு என்கிட்ட கையெழுத்தும் கேக்கறாங்க. நீ திரும்பி வருவன்னு அவங்களுக்கு நான் எழுதிக் குடுக்கறேன். எனக்கு யாரு எழுதிக் குடுப்பா.

இதையெல்லாம் யோசிச்சி இது நமக்கு ஆவாது, வுட்டுடுன்னு சொல்லலாம்னுதான் இன்னிக்குக் காலையில வரைக்கும் இருந்தேன். அப்பதான் உச்சிமாகாளி வந்துச்சு. கம்பெனியில அம்மா வேலை செஞ்ச லைனுக்கு லீடரா இருக்கற பொண்ணு, திருச்செந்தூர் பக்கம், ஒரகடத்துல ரூம் எடுத்து நாலஞ்சு பேரோட தங்கியிருக்கு, காரியத்தன்னிக்கு எல்லாருக்கும் காபி ஊத்திக் குடுத்துச்சே அதுதான். தங்கச்சிக்குக் கல்யாணம்னு பத்திரிகை வைக்க வந்துச்சு, கையில கருப்பட்டி மிட்டாயி. உக்காருன்னு சேர போட்டேன். உக்காரல. டிவி பக்கத்துல ஆணியில தொங்கற சாவிக்கொத்தையே பாத்துகினு நின்னுச்சு.

அந்தச் சாவிய நீயும் பாத்திருப்ப. ஆஸ்பத்திரியில நர்ஸம்மா, உங்க சம்சாரம் கையில இருந்துச்சுன்னு தாலியோட சேத்து என்கிட்ட குடுத்தது. நம்ம வூட்டுச் சாவி இல்ல அது. பீரோ, சூட்கேஸு, மாடிக் கதவு, அம்மா வண்டி, உங்க தாத்தா வூட்டு டிரங்குப் பொட்டி, எல்லாத்துலயும் போட்டுப் பாத்தேன், எதுவும் தொறக்கல. அம்மா எனக்குத் தெரியாம எதையோ பூட்டி வச்சிட்டுப் போயிட்டான்னு நெனச்சிகினு, துரு புடிக்காம எண்ணெய் தொடச்சி மாட்டி வச்சிருந்தேன்.

அண்ணே இது எங்க ரூமு சாவில்லா, அப்படின்னுச்சு உச்சிமாகாளி. எனக்குப் புரியல. அப்புறம் அது சொல்லச் சொல்ல நான் சேர்ல உக்காந்துட்டேன். அன்னிக்கு டீ பிரேக் முடிஞ்சி வந்ததும் அம்மாவுக்குப் பேச்சு குழறியிருக்கு. இந்தப் பொண்ணுங்க எல்லாம் சிரிச்சிருக்காங்க. என்னக்கா, அண்ணன் சரக்கு பாட்டில நீங்க எடுத்துட்டியளான்னு கேலி பண்ணுனோம்ணே, அக்காவும் சிரிச்சாவ, ஒரு பக்கமாத்தான் சிரிச்சாவ, அதையும் பாத்துட்டு எங்களுக்குத் தெரியலண்ணேன்னுச்சு. கொஞ்ச நேரத்துல கை வெட்டி வெட்டி இழுத்திருக்கு. காக்கா வலிப்புன்னு நெனச்சிட்டாங்க, இரும்பு குடு இரும்பு குடுன்னு ஆளாளுக்குக் கத்தியிருக்காங்க. அவங்க லைனுக்குள்ள வளையல் கூட போட வுட மாட்டாங்க, இரும்புக்கு எங்க போறது, இது லாக்கருக்கு ஓடிப் போயி ரூம் சாவிய எடுத்தாந்து அம்மா எடது கையில வச்சிருக்கு. வச்சா விழுது, பொறுக்கி வச்சா மறுபடியும் விழுது, நாந்தாம்ணே வெரல மடக்கிப் பிடிச்சுப் பாத்தேன், நிக்கல, பொறவு வலது கைக்கு மாத்துனேன், அது பிடிச்ச பிடிய விடவே இல்ல, சரி வலிப்பு நின்னுட்டுன்னு நாங்க நம்பிட்டோம்னு சொல்லிச்சு. சோடா வாங்கியாந்து வச்சிகினு, ரெஸ்ட் ரூம்ல படுக்க வச்சி, சாப்பாட்டு மணி அடிக்கற வரைக்கும் வுட்டுட்டாங்க. அதுக்கப்புறம் எழுப்புனா எந்திரிக்கலன்னுதான் ஆம்புலன்ஸு. அந்த ராத்திரி இவங்க ரூம் பூட்ட ஒடச்சித்தான் உள்ள போயிருக்காங்க. உங்ககிட்ட வந்து சாவியக் கேக்கவா முடியும்ணேன்னுச்சு.

எனக்கு அழுகை வரல. எந்தக் கை எடது கையா, நல்லா தெரியுமான்னு திரும்பத் திரும்ப அதத்தான் கேட்டேன், பிரேக்டவுன் ரிப்போர்ட்டுக்குக் கேக்கற மாதிரி. நீ படிச்சவ, அது காக்கா வலிப்பு இல்ல ஸ்ட்ரோக்குன்னு உனக்கு நான் சொல்ல வேணாம். அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, நீயும் வச்சிக்காத. அதுதான் அன்னிக்கு ஓடுச்சு. மத்தவங்க நின்னாங்க.

அப்புறம் நானே உன் விஷயத்த சொன்னேன். இந்த மாதிரி படிப்புக்கு வெளிநாடு போவ வேண்டியிருக்கு, நீங்க குடுத்த காசுதான் இருக்கு, அவ தொட மாட்டேங்கறா, அவ மாமன் நகைக்குங்கறான், குடுத்தவங்க நீங்க இன்னா சொல்றீங்கன்னு கேட்டேன். மூஞ்ச தொடச்சிகினு அது சொல்லிச்சு, எங்க கம்பெனியில படிப்புக்கெல்லாம் ஷீட்டு சுத்தி வராதுண்ணே, ஆளு செத்தாத்தான் வரும், வந்துச்சு, கையெழுத்துப் போட்டோம், அதத் தவிர வேற என்ன செய்யன்னு எங்களுக்குத் தெரியல, நகை செய்யவா குடுத்தோம், அக்கா கழுத்துல கெடந்ததே காப்பாத்தலையேன்னு. பாப்பா போயிட்டு வரட்டும், ஆனா சும்மா விட மாட்டோம், வந்து எங்க கேண்டீன்ல நின்னு, பேச்சு குழறுனா, வாய் ஒரு பக்கம் கோணுனா, கையில வச்சது விழுந்தா, சாவியத் தேடாதீங்க இன்னதச் செய்யுங்கன்னு சொல்லணும்னுச்சு. கம்பெனியில யாரையோ கூட்டியாந்து சேஃப்டி கிளாஸ் எடுத்தா எங்க பிள்ளைக அந்தாள வச்சி மீம்ஸ் போடும், அம்சா அக்கா மவ சொன்னாத்தான் கேக்கும்ணேன்னு சிரிச்சிச்சு. அங்க போயி இங்கிலீசு மட்டும் பேசிட்டு வந்தா உள்ள விட மாட்டோம்னும் சொல்லச் சொல்லிச்சு. போறப்ப சாவிய எடுத்துக் குடுத்தேன். பூட்டு இல்லாத சாவி எனக்கு எதுக்குண்ணேன்னு மறுபடி ஆணியிலயே மாட்டிட்டுப் போயிடுச்சு.

அது போனதும் ஸ்டாம்ப் பேப்பர்ல டைப் அடிச்சி வாங்கி வச்சிருந்த ஷூரிட்டி பேப்பர எடுத்து கையெழுத்துப் போட்டுட்டேன், இதோட இருக்கு பாரு. அப்பா தனியா இருப்பாரேன்னு நீ யோசிக்கற, தெரியும். நீ டேராடூன்ல இருந்தாலும் ஆஸ்திரேலியாவுல இருந்தாலும் இங்க நான் தனியாத்தான் இருக்கேன், அதுல ஒண்ணும் கூடாது கொறையாது. நெஞ்சுல தெம்பு இருந்து உன்ன போன்னு சொல்லல. பயமாத்தான் இருக்கு. நீ ஏறுற ஃப்ளைட்டு எறங்கற வரைக்கும் எனக்கு சோறு எறங்காது. ஆனா ஒண்ணு நினைச்சிப் பாத்தேன். நான் டிப்ளமோ படிச்சவன், ரோபோ நின்னா சத்தத்த வச்சே எங்க கோளாறுன்னு சொல்றவன், அன்னிக்கு அந்த லைன்ல அம்மா பக்கத்துல நானே நின்னிருந்தாலும் என் பைக் சாவியத்தான் எடுத்து அவ கையில வச்சிருப்பேன். வச்சிட்டு சரியாயிடும்னு நின்னிருப்பேன்.

செத்த காசுன்னு சொல்லாத கண்ணு. சாவி வச்ச கைங்க குடுத்த காசு அது. மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்குன்னு வச்சிக்காம, இது கெடச்சதுமே உங்க சார்கிட்ட ஆஸ்திரேலியாவுக்குப் போறேன்னு சொல்லிடு. தமிழ்வாணன் மாமாகிட்ட நான் பேசிக்கறேன். ஸ்வெட்டரு நல்லதா ஒண்ணு வாங்கு, ஊறுகா பாட்டிலா எடுத்துகினு போவாத, பொடியா எடுத்துகினு போ. அம்மா எங்க இருந்தாலும் உன் தலை மேல கை வச்சிகினுதான் இருப்பா, என் ஆசீர்வாதமும் அது கூட சேந்து இருக்கு, நீ தொட்டவங்க பொழைச்சி எந்திரிக்கணும். சாவிக்கொத்து ஆணியிலயே இருக்கட்டும், கேண்டீனுக்குப் பேசப் போற அன்னிக்கு நீ வந்து எடுத்துகினு போ, அவங்களுக்குக் காட்டறதுக்கு.

உன் அப்பா,
பாண்டுரங்கன்.