அலுமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

அக்கா,

இன்று காலை பெய்த மழைக்கு உன் அறைச் சுவரிலிருந்து மறுபடியும் அந்த நாற்றம் கிளம்பிற்று. நனைந்த சீமெந்தும் பூஞ்சணமும் கலந்த நாற்றம். சுவரின் என் பக்கத்தில் அதைப் பல மாரிகள் சுவாசித்தவள் நான். உன் பக்கத்திலும் அது இருந்தது என்பதை நீ செத்த பிறகுதான் அறிந்தேன்.

இந்தச் சுவரைக் கட்டுவித்தவர் அப்பா. வெள்ளவத்தை வீட்டை இரு மகள்மாருக்கும் சீதனமாகப் பிரிக்க, என் கல்யாணத்துக்கு முன் அவசரமாகக் கூடத்தின் நடுவே எழுப்பினார். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது என் பங்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே அவர் கவலை. மணலைக் கடற்கரையிலிருந்து கழுவாமலே கொண்டுவந்தார்கள். இரசாயனம் படித்தவள் என்பதால், உப்பு ஊறிய சுவர் ஈரத்தை விடாது என்று அன்றே சொன்னேன். “கல்யாணப் பொம்பிளை மணலைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை” என்று என் வாயை அடைத்தவள் நீ.

கணவர்மார் போனார்கள், பிள்ளைகள் கடல் கடந்தார்கள். சுவரின் இரு பக்கமும் நாம் மிஞ்சினோம். உன் குளியலறை அதனோடு ஒட்டியிருந்தது. என் பக்கத்துப் பூச்சு உப்பி, தட்டினால் உள்ளே வெறுமையாக ஒலித்தது. ஒவ்வொரு தீபாவளிக்கு முன்னும் அதைச் சுரண்டி, தண்ணீர் புகாத கலவை சேர்த்துப் புதிதாகப் பூசுவிப்பேன். மாரி முடியுமுன் ஈரம் ஒரு சாண் மேலே ஏறி அங்கே வெடிக்கும். வெளிவர விடாமல் அடைத்தால் ஈரம் வேறு வழி தேடும், அவ்வளவுதான். அது புறப்படும் இடத்தைத் திருத்தாமல் முகத்தை மட்டும் பூசிப் பயனில்லை. புறப்படும் இடமோ உன் பக்கம்.

“அக்கா, உன்ர பாத்ரூம் பைப்பை மேசன் ஒருக்காப் பார்க்கட்டும்” என்று கேட்டால் வாசலை மறித்து நிற்பாய்.

“உன்ர பக்கம் ஈரமெண்டால் உன்ர பக்கத்தை உடை. என்ர பக்கம் நல்லாக் காஞ்சு கிடக்கு.”

“அப்ப திறந்து காட்டன். ஏன் பயப்பிடுறாய்?”

“புதுக்கடைக் கோட்டுக்குப் போய் வழக்குப் போடு. நீதவான் வந்து பார்க்கட்டும்.”

கதவைச் சாத்துவாய். சற்று நேரத்தில் உன் இருமல் சுவரைக் கடந்து வரும். தொய்வு, இந்த மூச்சிழுப்பு, பரம்பரை நோய் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாய். நம் குடும்பத்தில் வேறு எவருக்கும் அது இருந்ததில்லை.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் உன்னை வைராக்கியமான மனுசி என்றார்கள். நான் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் உன் மகன், “சின்னம்மா, அம்மான்ர பக்கத்தையும் நீங்களே பாருங்கோ” என்று உன் கதவுத் திறப்பைத் தந்துவிட்டு விமானம் ஏறினான். முகத்துவாரத்திலிருந்து கூப்பிட்ட மேசனோடு உள்ளே போனேன். அலுமாரியை நகர்த்தியதும் அதன் பின்பலகை ஈரத்தில் உக்கி உதிர்ந்து அவர் கையோடு வந்தது. சுவர் நெஞ்சுயரத்துக்குக் கறுத்திருந்தது. அதன்மேல் பொலித்தீனை ஆணியடித்து, பொலித்தீனுக்கு மேல் பூப்போட்ட படுக்கை விரிப்பையும் தொங்கவிட்டிருந்தாய். பக்கத்திலேயே உன் தலையணை.

“இங்கயா அந்த அம்மா படுத்தவ?”

“ஓம்.”

“உங்கட பக்கம் இதைவிட எவ்வளவோ நல்லம்.”

குளியலறைக் குழாயின் மூட்டு வெடித்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அதை மாற்றிவிட்டார். அந்தச் சிறு வேலைக்காக என்னை உள்ளே விடுவதை விட, பூஞ்சணத்தை மூச்சில் இழுப்பது உனக்கு இலகுவாக இருந்திருக்கிறது. தங்கச்சி சொன்னது சரி என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் உன் நெஞ்சு தப்பியிருக்கும்.

இப்போது இரு பக்கமும் கல் தெரியச் சுரண்டியாயிற்று. வெளியே பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டித் தட்டி எடுக்கிறோம். நன்றாகக் காய்ந்த பிறகுதான், சுவரை மூச்சுவிட விடும் சுண்ணாம்புப் பூச்சு.

“ரெண்டு பக்கமும் இப்ப உங்கட கையில தானே, அம்மா. சுவர் என்னத்துக்கு? இடிச்சு விடுவமா?” என்று மேசன் கேட்டார்.

“வேண்டாம். காயட்டும்.”

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு வசனம்தான்: என்ர பக்கம் நல்லாக் காஞ்சு கிடக்கு. நீ சொன்ன ஒவ்வொரு தடவையும் அது பொய். காலையில் எழுந்ததும் உன் அறைக்குப் போய் வெறுங்கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். இன்னும் குளிர்கிறது. உன் பொய்யை உண்மையாக்கும் வேலை, இந்த வயதில், என் தலையில் விழுந்திருக்கிறது.