படையல்ல வெச்ச பிராந்தி

1991 நவம்பர், ஞாயிறு

இன்னிக்கு எம் புருஷனுக்கு வருஷப் படையல். குடிச்சிக் குடிச்சி வயிறு வீங்கிச் செத்த மனுஷன். கம்பெனியில ஷிஃப்ட் முடிச்சி நேரா வந்த அவரு தம்பி, இலையில ஒரு குவார்ட்டர் பிராந்தியக் கொண்டாந்து வெச்சாரு. "செத்தவங்களுக்குப் புடிச்சத வெக்கணும் அண்ணி, அதான் மொறை"ன்னாரு. புடிச்சதாம். அவரக் கொன்னதே அதான். அப்பவே தூக்கி வீசியிருக்கணும். வூடு நெறைய சொந்தக்காரங்கன்னு வாய மூடிக்கினு நின்னேன்.

கற்பூரம் காட்டி முடிச்சதும் அந்த ஆளு பாட்டிலத் தொறந்து டம்ளர்ல ஊத்தி எம் புள்ள கதிருகிட்ட நீட்டறாரு. பத்தாவது படிக்கிற புள்ள. "நீ ஒரு வாய் குடிச்சாதான்டா உங்கப்பன் மனசு குளிரும்"ன்றாரு. சுத்தி நின்ன ஆம்பளைங்க அத்தனை பேரும் சிரிக்கிறானுங்க. நான் கூட்டத்தத் தள்ளிக்கினு போறதுக்குள்ள ஒரே மடக்கா குடிச்சிட்டான்.

பாட்டிலப் புடுங்கி சாக்கடையில கவுத்தேன். "இனிமே இந்த வாசப்படி மிதிச்சா கால ஒடிப்பேன்"னு கொழுந்தனார் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். செத்தவர அவமானப்படுத்திட்டேனாம். சொந்தமெல்லாம் கை நனைக்காமக் கெளம்பிட்டுது. போவட்டும், எனக்கு இன்னா வந்தது?

கதிரு ஒண்ணுமே நடக்காத மாதிரி தூங்கிக்கினு இருக்கான். எனக்குத்தான் தூக்கம் வரல. அது வெறும் பிராந்தி, தண்ணி கூடக் கலக்கல. மொத தடவ குடிக்கிற புள்ள மூஞ்சியச் சுளிக்கும், இருமும், துப்பும்.

எம் புள்ள இருமவே இல்ல.