‘தொடாதே’ என்று நீங்கள் எழுதிவைத்த வயர்

இஞ்சாருங்கோ,

முப்பத்திரண்டு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது புதிதாக ‘என் அன்பே’ என்று தொடங்கினால் நீங்களே சிரிப்பீர்கள். ஆண்டுத் திவசத்துக்குப் பேப்பரில் படத்தோடு நாலு வரிப் பாட்டுப் போடுவோம் என்று மகன் கனடாவிலிருந்து சொன்னான். பாட்டு வேண்டாம், அப்பாவிடம் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது, கடிதமாகப் போடுகிறேன் என்றேன். வெள்ளவத்தையில் நாலு பேர் வாசித்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

உங்கள் மொரிஸ் மைனரை நான் விற்கவில்லை. அது ஓடுகிறது. அதைத் திருத்துவதும் நான்தான். நம்ப மாட்டீர்கள், தெரியும். நீங்கள் போன பிறகு இரண்டு கராஜ்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். இரண்டு பேரும் டாஷ்போர்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தார்கள், “இந்த வயரிங் ஆர் செய்தது?” என்று கேட்டார்கள், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை. முப்பது வருடமாக ஒருவரையும் கைவைக்க விடாமல் நீங்களே ஒட்டி, சுற்றி, முடிச்சுப் போட்டு வைத்ததை வேறு யார் தொடுவார்கள்?

அதனால் நான் தொட்டேன். பிளக்கைக் கழற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கப் பழகினேன். பஞ்சிகாவத்தையில் கார்ச் சாமான் வாங்கப் போனால் கடை நானா முதலில், “மஹத்தயா வரல்லயா?” என்று உங்களைத் தேடி எனக்குப் பின்னால் பார்ப்பார். இப்போது, “அக்கா, இந்த பிரேக் ரப்பர் ஒங்களுக்குச் சரிவராது, மத்ததப் பாருங்க” என்று என்னோடு நேரே கதைக்கிறார். முதல்முறை அப்படிக் கதைத்த அன்றைக்கு வீடு வரும்வரை எனக்குத் தலைகால் புரியவில்லை.

டாஷ்போர்டுக்குக் கீழேயிருக்கும் தட்டை முதல்முறை கழற்றியபோதுதான் உங்கள் வேலையைப் பார்த்தேன். ஒவ்வொரு வயரிலும் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டர், அதில் உங்கள் கோணல் எழுத்து. ‘ஹோர்ன்’, ‘இடது’, ‘வலது’, ‘வைப்பர்’. கொஞ்ச நேரம் திருத்த முடியாமல் அழுதேன். பிறகு ஒரு சிவப்பு வயர், அதில், ‘தவமணி, இதைத் தொடாதே.’ அழுகை நின்றுவிட்டது. நான் ஒருநாள் இங்கே கைவைப்பேன் என்று தெரிந்தும், செத்த பிறகும் எனக்கு அதட்டலா? ஆனாலும் தொடவில்லை. பழக்கதோஷம்.

இனி, போன வியாழக்கிழமை நடந்த கதைக்கு வருகிறேன்.

உங்கள் தங்கச்சி யோகம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறாள். கண் ஒப்பரேஷன். சண்டையில் பாதை பூட்டியிருப்பதால் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில், இரண்டு நாள் பயணம். கொழும்பில் தங்குவதற்கு அவளுடைய பெயரைப் பொலிஸில் பதிந்து துண்டும் எடுத்தாயிற்று. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த தவணை, பொரளை ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு. தவறவிட்டால் அடுத்தது எப்போதென்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அவளுக்கோ ஒரு கண் முழுதாக மங்கிவிட்டது, மற்றது மங்கிக்கொண்டு வருகிறது.

முதல்நாள் பின்னேரம் ஹோர்ன் வேலை செய்யவில்லை. தட்டைக் கழற்றித் திருத்தினேன். திரும்பப் பூட்டும்போது ஒரு ஸ்குரூ எங்கேயோ விழுந்துவிட்டது. சனிக்கிழமை பார்ப்போம் என்று தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பிழை என்னுடையதுதான். இந்தக் காலத்தில், இந்த ஊரில், ஒரு தமிழ்ப் பெண் வயர் தொங்கும் காரில் வெளிக்கிடலாமா? பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு ஹோர்ன் அடித்த சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை.

திம்பிரிகஸ்யாயச் சந்திக்கு முன்னால் ஆமிக்காரர் மறித்தார்கள். ஒரு பெடியன் யோகத்தின் பக்கக் கதவைத் திறந்தான். அவளுடைய முழங்காலுக்கு மேலே வயர்கள், வயர்களில் தமிழ் எழுத்து. அவன் இரண்டு அடி பின்னால் போனான். பிறகு கத்தினான்.

அவர்களுக்குப் பெரியவர் ஒருவர் வந்தார். யோகத்தை இறக்கி மண்மூட்டைப் பக்கம் நிற்பாட்டினார்கள். அவளுக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது. ஒரு கையில் ஐடென்டிட்டி கார்ட், மறு கையில் ஆஸ்பத்திரித் துண்டு, இரண்டையும் யார் பக்கம் நீட்டுவதென்று தெரியாமல் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றாள். அவளைக் கொண்டுபோய்விட்டால் நான் எந்த வாசலில் போய்க் கேட்பேன்? எனக்கு அந்த ஒரு நினைப்புத்தான்.

“இதெல்லாம் என்ன, அம்மே?” என்று பெரியவர் சிங்களத்தில் கேட்டார். கந்தோரில் இருபத்தாறு வருட வேலையில் பேசிய சிங்களம் அன்றைக்குக் கைகொடுத்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். “அப்படியென்றால் போட்டுக் காட்டுங்கள்” என்றார். சொல்லிவிட்டு எல்லோரும் மண்மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார்கள். காருக்குள் நான் மட்டும்.

ஹோர்ன் அடித்தது. கடவுளே என்றிருந்தது. இடது எரிந்தது, வலது எரிந்தது. வைப்பர் ஒரு தரம் போய் வந்து நின்றுவிட்டது, அது எப்போதும் அப்படித்தான் என்றேன். ஒருவன் சிரித்தான்.

“அந்தச் சிவப்பு? அதில் என்ன எழுதியிருக்கிறது?”

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. “இதை நான் தொடக்கூடாது என்று என் மனுசன் எழுதியிருக்கிறார்.”

“அவர் எங்கே?”

“போன வருடம் மோசம்போய்விட்டார்.”

“அது என்ன வயர் என்றே தெரியாமலா ஓட்டுகிறீர்கள்?”

“ஓம்” என்றேன். ஒருவன் வந்து அந்த வயர் எங்கே போகிறதென்று தடவிக்கொண்டே போனான். கம்பளத்துக்கு அடியால் போய்ப் பின் சீற்றுக்குக் கீழே முடிந்தது. சீற்றை மெல்லத் தூக்கினால், சின்னதாக ஒரு சுவிட்ச். வீட்டு மேசை லைட்டின் சுவிட்ச். என்ஜினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு அதை அமத்தச் சொன்னார்கள். முருகா என்று சொல்லி அமத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. ஒரு நிமிடம் போயிருக்கும். பிறகு கார் இரண்டு தரம் இருமியது, ஒரு தரம் குலுங்கியது, நின்றுவிட்டது.

அந்த இருமல் எனக்குத் தெரியும்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் லைசன் எடுத்தேனே, ஞாபகமா? நீங்கள் பஸ்ஸில் வேலைக்குப் போனபிறகு நான் காரை எடுப்பேன். ஒழுங்கை முடிந்து காலி வீதியில் ஏறும் இடத்தில் இரண்டு தரம் இருமி, குலுங்கி, நின்றுவிடும். கடைக்காரப் பெடியள் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடுவார்கள். பின்னேரம் நீங்கள் ஏறி இருந்தால் ஒரே திருப்பில் ஸ்டார்ட். “உன்ரை கைக்கு அது பணியாது, தவமணி. விடு.” நாலு தரம் அப்படி நடந்தது. எனக்குக் கார் ஓட்டும் ராசி இல்லை என்று நம்பி விட்டுவிட்டேன்.

பெரியவர் சுவிட்சைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். முன்னால் பம்ப் டிக் டிக்கென்று அடித்தது, கார் பழையபடி ஸ்டார்ட் ஆனது. “பெற்றோலை மறிக்கிற சுவிட்ச். கள்ளருக்கு வைத்திருக்கிறார். கெட்டிக்காரன்” என்றார். “ஓம், கள்ளருக்குத்தான்” என்றேன். கள்ளி நான்தான் என்று எப்படிச் சொல்வது? துண்டுகளைப் பார்த்து எழுதிக்கொண்டு, தட்டைப் பூட்டாமல் இனி வர வேண்டாம் என்று சொல்லிப் போக விட்டார்கள்.

நாரஹேன்பிட்ட தாண்டும்வரை நான் உங்களைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். வாய்க்கு வந்ததெல்லாம். யோகம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“மச்சாள், அண்ணா அதை எனக்கு எழுதினவர். ‘அவள் லைசன் எடுத்திட்டாள். தனியப் போற இடத்திலை றோட்டிலை மறிச்சுக் கொண்டுபோனால் நான் எங்கை தேடுவன்? மறிச்சால் கேக்கமாட்டாள், அதுதான் காரை மறிச்சு வைச்சிருக்கிறன்’ எண்டு. உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டும் எழுதினவர்.”

காரை ஓரமாக நிறுத்தினேன். நான் வரப் பிந்தினால் நீங்கள் கேற்றடியில் வந்து நிற்பது ஞாபகம் வந்தது. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஏன் என்னிடம் சொல்லவில்லை? பயமாயிருக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் கார்த் திறப்பை உங்கள் கையிலேயே தந்திருப்பேனே. தந்திருப்பேனா? அதுவும் தெரியவில்லை.

ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். நேர்ஸ் மிஸ்ஸி முதலில் முறைத்தாள், பிறகு யோகத்தின் முகத்தைப் பார்த்து உள்ளே எடுத்தாள். நேற்றுக் கட்டு அவிழ்த்தார்கள். தெரிகிறதாம். “மச்சாள், நல்லா நரைச்சுப்போனியள்” என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இஞ்சாருங்கோ, நீங்கள் பயந்தது நடந்துவிட்டது. என்னை றோட்டில் மறித்தார்கள். முக்கால் மணித்தியாலம். பிறகு விட்டுவிட்டார்கள். உங்கள் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு, உங்கள் காரிலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. இந்த முறை முடிந்தது.

திங்கட்கிழமை மருந்து போட அவளைத் திரும்பக் கூட்டிப்போக வேண்டும். அதே றோட்டால்தான் போவேன். வெளிக்கிடும்போது உங்கள் படத்துக்கு முன்னால் நின்று ‘போயிட்டு வாறன்’ என்பேன். வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், ‘வந்திட்டன்’ என்பேன். ஒரு நாளும் தவற மாட்டேன், சத்தியம். நீங்கள் இனிக் கேற்றடியில் நிற்க வேண்டாம், உள்ளே போய்ப் படுங்கோ.

இப்படிக்கு,
வந்து சேர்ந்துவிட்ட உங்கள் மனைவி
தவமணி