நான் அசையவில்லை

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் வழக்கம்போல இரண்டே வார்த்தையில் என் வாயை அடைத்துவிடுவாய்.

திங்கட்கிழமை உன் ஆஸ்பத்திரி நர்ஸ் என் தையல் கடைக்கு வந்தாள். நீ எனக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளே, அவள்தான். யூனிஃபார்மைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தாள். இப்போது தைப்பதில்லை, ஆபரேஷனில் தலையை ஆட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "நீங்க அசையவே இல்லக்கா. இருமல் வந்தப்போ என் கைய அழுத்துனீங்க, நான் சொன்னதும் டாக்டர் கருவிய வெளியே எடுத்துட்டாரு. நீங்க இருமி முடிச்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் பை கிழிஞ்சுது" என்றாள்.

லென்ஸைத் தாங்கும் அந்த மெல்லிய பை யார் கையிலும் கிழியலாம் என்று நேற்று விழித்திரை டாக்டர் சொன்னார். புரைத் துண்டு கண்ணின் அடியில் விழுந்துவிட்டால் உடனே தன்னைப் போன்றவரிடம் அனுப்பவேண்டுமாம். நீயோ எங்கும் அனுப்பாமல் ஏழு வாரம் சொட்டு மருந்து போடச் சொன்னாய். கிழிந்ததற்காக உன்மேல் வருத்தமில்லை, சத்தியமாக. நானும் எத்தனையோ துணியை வெட்டிக் கெடுத்திருக்கிறேன். ஆனால் துணி நெளிந்துவிட்டது என்று யாரிடமும் சொன்னதில்லையடா.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாய். நானும் அசடு மாதிரி கூடச் சிரித்தேன். உன் அத்தான் இன்றைக்கும், "இருபது நிமிஷம் சும்மா கிடக்க முடியலையா உனக்கு?" என்கிறார்.

அதைவிட, உன் பேரைக் கெடுத்துவிட்டேனே என்று உன்னிடமே வந்து அழுதேன். நீ என்னை மன்னித்தாய்! முதுகில் தட்டி, "விடுக்கா, பரவாயில்ல" என்றாய். கண் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன் போலிருக்கிறது. இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வரும் புதன்கிழமை அந்த விழித்திரை டாக்டரிடம் இரண்டாவது ஆபரேஷன். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறதாம். பார்வை எவ்வளவு திரும்பும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. உன் ஆபரேஷன் குறிப்பைக் கொடுத்தேன். "நோயாளி அசைந்தார்" என்ற ஒரு வரியைத் தவிர அதில் ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உள்ளே நடந்தது என்ன, எவ்வளவு துண்டு விழுந்தது என்று அவருக்குத் தெரியவேண்டும். அவர் நம்பரை இதனுடன் வைத்திருக்கிறேன். புதனுக்கு முன்னால் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிடு. என்னிடம் பேசவேண்டாம், நீ பேசினால் நான் உடனே இளகிவிடுவேன், அது எனக்கே தெரியும்.

நாளைக்கும் உன் மேஜையில் யாரோ ஒருத்தி உன்னை நம்பிப் படுப்பாள். உன் கைக்கு ஒரு குறையும் வரவேண்டாம், நன்றாக இரு. அப்படியே தவறினாலும், அவளை உன்னிடம் மன்னிப்புக் கேட்க வைக்காதே.

உன் அக்கா