ரோலர் ஏற்றும் முன் என் மகனின் இரட்டைச் சைலன்சரைத் திறந்து பார்க்க வேண்டி

அனுப்புநர்:
மெத்தைக் கடையில் பஞ்சு அடைக்கும் பெண்
(கூட்டாளிகள் "ரெட்டைக்குழல்" என்று கூப்பிட்ட வெல்டரின் தாய்),
மாடி வீடு, தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்துக் காவல் அதிகாரி அவர்கள்,
போக்குவரத்துக் காவல் நிலையம்.

பொருள்: வெள்ளிக்கிழமை நசுக்கப்படவுள்ள சைலன்சர்களிலிருந்து என் மகன் வண்டியின் இரண்டையும் எடுத்து வைத்து, என் முன்னிலையில் திறந்து பார்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

போன மாதம் சிமெண்டுக் கிடங்கு வளைவில் தண்ணீர் லாரி மோதி இறந்தவன் என் மகன். அவனுடைய மோட்டார் சைக்கிளில் இருந்த இரண்டு சைலன்சரையும் தங்கள் ஆட்கள் கழற்றி, சத்தம் போடும் மற்ற வண்டிகளின் சைலன்சர்களோடு மைதானத்தில் குவித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை அவற்றின் மேல் ரோடு ரோலர் ஏறும் என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. இன்றைக்குப் புதன். அதற்குள் இந்தக் காகிதம் தங்கள் கைக்கு வந்து, தாங்கள் இதைப் படித்துவிட வேண்டும்.

வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம்தான் முதலில் போனேன். அவர், "சைலன்சர் வேணும்னு ஒரு வரி போதும்மா, மிச்சத்தையெல்லாம் எழுதினா மேல படிக்க மாட்டாங்க" என்றார். ஒரு வரியில் எழுதினால் இரும்பைத் திருப்பிக் கேட்கிறேன் என்று தாங்கள் நினைத்துவிடுவீர்கள். எனக்கு இரும்பு வேண்டாம். அதனால் எனக்குத் தெரிந்த எழுத்தில் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

வழக்கில் லாரி டிரைவர் சொன்னதாக எழுதியிருப்பதை ஸ்டேஷனில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். "காதைக் கிழிக்கும் சத்தத்துடன் அதிவேகமாக வந்ததால் பதற்றமடைந்து பிரேக்கைத் தவறவிட்டேன்" என்று இருக்கிறது. ஆனால் ஐயா, அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அதே டிரைவர் என் காலடியில் உட்கார்ந்து, "சத்தமே கேக்கலம்மா, சந்துல இருந்து வண்டியைத் திருப்புறேன், முன்னாடி நிக்கிறான்" என்று அழுதார். என் மகளும் பக்கத்தில் நின்று கேட்டாள். பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாவும் கேட்டார். அந்த ஆள் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அன்றைக்கு என்னோடு சேர்ந்து அழுத முதல் ஆள் அவர்தான். இடையில் யார் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ, கேட்காத சத்தம் காதைக் கிழிக்கும் சத்தமாகிவிட்டது.

அந்தச் சத்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி பழையது. அதில் இருந்த ஒற்றைச் சைலன்சர் துருவேறி அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. என் மகன் கிரில் பட்டறையில் வெல்டர். கடையில் வாங்காமல் தானே செய்கிறேன் என்று ஆரம்பித்தான். ஒன்றாகவே செய்திருக்கலாம். "ஒத்தைப் பக்கம் மட்டும் இருந்தா வண்டி நொண்டுற மாதிரி இருக்கும்மா" என்று எஞ்சினிலிருந்து வரும் குழாயை இரண்டாகப் பிரித்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வைத்தான். குழாய்க்குள் மணலை இடித்து நிரப்பி, வாயை அடைத்து, நெருப்பில் காய்ச்சி வளைத்தான். மணல் இல்லாமல் வளைத்தால் குழாய் ஒடுங்கிவிடுமாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டான். அவன் தங்கை, "அண்ணனுக்குப் பொண்ணு பாக்க வேண்டாம்மா, ரெண்டு குழாய்க்கும் தாலி கட்டிட்டான்" என்று கிண்டல் செய்வாள்.

முதலில் ஓட்டிப் பார்த்தபோது சத்தம் பெரிதாகத்தான் இருந்தது. மறைக்கவில்லை. கீழ்வீட்டுப் பச்சைக் குழந்தை அலறி எழுந்துவிட்டது. குழந்தையின் அப்பா படியேறி வந்து, "தூங்க வைக்க உங்க வீட்டுக்கே அனுப்பி வைக்கட்டுமா தம்பி?" என்று கேட்டார். என் மகனுக்கு முகம் சுண்டிப்போனது. அன்றைக்கே இரண்டையும் கழற்றிவிட்டான். உள்ளே ஓட்டை ஓட்டையாக ஒரு குழாய் இருக்கிறது, அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்தால் சத்தம் அடங்கிவிடும் என்றான். "பஞ்சு அடைக்கிறது உன் தொழில்தானே, நீயே அடைச்சிக் குடு" என்று என் மடியில் கொண்டுவந்து போட்டான்.

நான் தலையணைக்கு அடைப்பது போலக் கையால் குத்திக் குத்தி, கல் போல அடைத்துக் கொடுத்தேன். சத்தம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, இது தலை வச்சிப் படுக்க இல்ல. பஞ்சு மூச்சு விடணும், அப்பதான் சத்தத்தைக் குடிக்கும்" என்றான். மறுபடி எல்லாவற்றையும் உருவி, பாய் போலத் தளர்வாகச் சுற்றி, நழுவாமல் இருக்கக் கட்டுக்கம்பியால் மெத்தைத் தையல் போட்டேன். நான் இடதுகைக்காரி. என் முடிச்சு எல்லாமே மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கமாக விழும். கடையில் எந்த மெத்தை யார் தைத்தது என்று முதலாளி அதைப் பார்த்துத்தான் சொல்வார். கண்ணாடித் தூள் ஏறி இரண்டு கையும் வெந்து போனது மாதிரி அரித்தது. எண்ணெய் தடவிவிட்டது அவன்தான். அதற்குப் பிறகு அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் கீழ்வீட்டுக் குழந்தை புரண்டுகூடப் படுத்ததில்லை. குழந்தையின் அப்பா ஸ்டேஷனுக்கு வந்து சொல்லத் தயாராக இருக்கிறார். ஒரு முறை வந்தும் பார்த்தார். "நீங்க அங்க நின்னு பாத்தீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

சைலன்சரை மாற்றியதே சட்டப்படி தப்பு என்றால், தப்புதான் ஐயா. அதற்கு வாதாட நான் வரவில்லை. வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் செய்யாத சத்தத்தை அவன் தலையில் கட்டி வழக்கை முடிக்காதீர்கள். என் மகள் வேலைக்குப் போகும் இடத்தில், "உங்க அண்ணன் ஊரையே எழுப்பிக்கிட்டுப் போய்ச் சேந்தான்" என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து மகள் வேலைக்குப் போகவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

தங்களைப் பார்க்கப் பலமுறை வந்தேன். ஐயா மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள், ரவுண்ட்ஸ் போயிருக்கிறார் என்றார்கள். மைதானத்துக்குக் காவல் இருப்பவர், "எல்லாம் ஒரே இரும்பும்மா, இதுல உன் பிள்ளையோடது எதுன்னு யாரு தேடுறது?" என்றார். தேடவே வேண்டாம் ஐயா. நேற்று வேலிக்கு வெளியே நின்றே நான் பார்த்துவிட்டேன். குவியலின் வலது ஓரத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மீன் செதில் அடுக்கியது போல வரிசையாக வெல்டிங் வைப்பது அவன் வழக்கம். மற்றதெல்லாம் கடையில் வாங்கியது. கை உள்ளே போகுமளவு வேலியில் இடம் இருந்தது. தொடுவதற்குள் அங்கிருந்து போகச் சொல்லிவிட்டார்கள்.

இனி எழுதப்போவதை எழுதாமலும் விட்டிருக்கலாம். எழுதினால் என் மனுவே கெட்டுப்போகும் என்று மகள் சொல்கிறாள். இருந்தாலும் தங்களிடம் மறைத்துவிட்டு உதவி கேட்க மனம் வரவில்லை.

லேத் பட்டறையில் வேலை செய்யும் அவன் கூட்டாளி போன வாரம் வீட்டுக்கு வந்தான். வாசற்படியிலேயே உட்கார்ந்தான். பிறகு, "அம்மா, வண்டி இழுக்க மாட்டேங்குது, பஞ்சை உருவிடப் போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தான். உருவினானா இல்லையான்னு எனக்குத் தெரியல" என்றான். எனக்கும் தெரியவில்லை. கடைசி நாட்களில் கடையில் வேலை அதிகம். அவன் கிளம்பும் முன்னே நான் போய்விடுவேன், அவன் திரும்பிய பிறகுதான் வருவேன். அந்த வண்டி ஓடும் சத்தத்தைக் கடைசியாக என்றைக்குக் கேட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். அந்த இரண்டையும் ரோலருக்குப் போகாமல் தனியே எடுத்து வையுங்கள். பின்மூடியில் அடித்திருக்கும் ரிவிட்டுகளைத் துளைத்து எடுத்தால் மூடி கழன்று வரும். அதற்கு ஆள் இல்லை என்றால், அவன் பட்டறை முதலாளி டிரில்லோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தாங்களோ தாங்கள் அனுப்பும் அதிகாரியோ முன்னால் நின்று பாருங்கள். நான் எதையும் தொட மாட்டேன், தள்ளியே நிற்கிறேன்.

உள்ளே பஞ்சும், எதிர்ப்பக்கம் விழுந்த என் கம்பி முடிச்சும் இருந்தால், அந்த வண்டி சத்தம் போடவில்லை என்று வழக்கில் திருத்தி எழுதுங்கள். டிரைவரை மறுபடி கூப்பிட்டுக் கேளுங்கள்.

உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறுமையாக இருந்தால், எனக்காக இரக்கப்பட்டு மறைக்க வேண்டாம் ஐயா. இல்லை என்று சொல்லிவிடுங்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். எழுதியதை எழுதியபடியே வைத்துக்கொள்ளுங்கள். மகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அவன் என் பிள்ளைதான், உருவியிருந்தாலும்.

திறக்காமல் மட்டும் நசுக்கிவிடாதீர்கள். நசுக்கிவிட்டால் ஒருநாள் அவன் உருவியிருப்பான் என்று திட்டுவேன், மறுநாள் உருவியிருக்க மாட்டான் என்று அழுவேன். போனது ஒரு பிள்ளை. இப்போது தினம் இரண்டு பிள்ளைகள் என் முன்னால் வந்து நிற்கிறார்கள். யாரைப் பெற்றேன் என்று மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

தங்கள் பதிலுக்காக, தாங்கள் வரும்வரை வாசலிலேயே காத்திருக்கிறேன்.

நாள்: புதன்கிழமை
இடம்: தங்கள் அலுவலக வாசல்

இப்படிக்குத் தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும்,
இறந்தவனின் தாய்
(இடது கையால் இட்ட கையெழுத்து)