மூலை வெட்டாத அச்சு

பெட்டியைத் திறக்க முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. தையல் மெசின் எண்ணெயும் இரும்பும் கலந்த வாசம். உன் கையிலும் கவுனிலும் எந்நேரமும் இருந்த வாசம். உன் மகள் முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, "மம்மி இத உங்களிட்டத்தான் குடுக்கச் சொன்னவ அன்ரி" என்று பெட்டியை நீட்டினாள். அம்மா வேறென்ன சொன்னாள் என்று அவளைக் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். உனக்கு அது வழமைதானே.

உள்ளே உன் பழைய நீலக் கவுன். அதற்குள் சுற்றி வைத்திருந்தது, துணி வெட்டுகிற அந்த முக்கோண அச்சு. பலகையில் நிமிர்த்திப் பதித்த இரும்புத் தகடு, சுற்றிவரக் கறுப்புப் பஞ்சு. தகட்டின் ஒரு மூலையில் பெருவிரலை வைத்துத் தடவினேன். பள்ளம் அப்படியே கிடக்கிறது.

உன்னை அடக்கம் பண்ணின அன்று தேவாலயத்துக்கு வந்தேன். கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். முன்னுக்கு வந்து உன் முகத்தைப் பார்க்கவில்லை. இவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று உன் மகள் நினைத்திருப்பாள். சரியாகத்தான் நினைத்திருக்கிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து மெல்லத்தான் வரும். மறதி மட்டும் எனக்கு வராது. யார் எனக்கு என்ன செய்தார்கள், அப்போது என்ன உடுத்திருந்தார்கள் என்பது வரைக்கும் சொல்லுவேன். ஆமி வந்த அன்றைக்கு நீ உடுத்திருந்ததும் இந்த நீலக் கவுன்தான்.

சுனாமியென்று கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, ஆரையம்பதியில் வாவிக் கரையோரம் ஒரு வெளிநாட்டு நிறுவனம் கொட்டகை போட்டுத் தந்ததே, அங்கேதான் உன்னை முதன்முதல் கண்டேன். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு ஒட்டுப் போர்வை தைக்கிற வேலை. உள்ளங்கை அளவு கட்டங்களாகக் கையால் தைத்து, பிறகு கட்டத்தோடு கட்டத்தைப் பொருத்தவேண்டும். துண்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டினால் ஒன்று போல் ஒன்று வராது என்று ஒரு மெசினும் அச்சுகளும் தந்தார்கள். அச்சின் மேல் துணியை மடித்து வைத்து, பிளாஸ்ரிக் தட்டால் மூடி, இரண்டு உருளைகளுக்கு நடுவே தள்ளிக் கைபிடியைச் சுற்றினால், மறுபக்கம் முக்கோணம் முக்கோணமாக விழும். அந்த மெசினை உன்னிடம் விட்டார்கள். உன் புருஷனுக்கு டவுனில் இரும்புப் பட்டறை இருந்தது, இரும்பு உனக்குப் பழக்கம். கடல் அவரைக் கொண்டுபோய், உன்னை ஒரு மதகில் மோதி இடுப்பை உடைத்துப் போட்டிருந்தது. இருந்தபடியே செய்யக்கூடிய வேலை உனக்கு அதுதான்.

முதல் நாளே, எங்கள் ஊர்ப் பெண்கள் மாதிரிக் 'கா' போட்டுப் பேசி, என் கட்டத்தைத் தூக்கி என் மடியில் போட்டாய்.

"கோணல் கா. பிரிச்சுப் போடு."

"போத்திக்கொண்டு படுக்கிற குழந்தைக்குக் கோணல் தெரியுமா?"

"எனக்குத் தெரியுது. காணாதா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கவுன் போட்ட பறங்கிச்சிக்கு இவ்வளவு வாயா என்று நான் முணுமுணுத்தது உன் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் முணுமுணுத்தேன். அடுத்த நாள் எனக்கென்று ஓரம் பிசிறின துண்டுகளாகப் பார்த்துத் தந்தாய். அப்படித்தான் நாம் பழகினோம்.

என் மகளைப் பற்றி அந்தக் கொட்டகையில் உனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லி நீ அறியவில்லை. புலிகள் இயக்கம் சண்டைக்கென்று அவளைக் கொண்டுபோனபோது அவள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. இயக்கம் இரண்டாகப் பிரிந்தபோது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஒரு மத்தியானம் மேலே இயக்கத்தின் பச்சை வரிச் சட்டையும் கீழே யாரோ கொடுத்த பாவாடையுமாக செட்டிபாளையத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றாள். சட்டையைக் கழற்றச் சொல்லி அடுப்பில் போடப் பார்த்தேன். அந்தத் தடித்த துணி எரிகிற நாற்றத்துக்கு ஆட்கள் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று பயம் பிடித்தது. உரப்பையில் சுற்றிக் கொண்டுபோய், வட்டையில் வயல் காவலுக்கு என் தம்பி கட்டியிருந்த வாடியின் கூரைக்குள் செருகினேன். பிறகு ஆறுதலாக எரிப்போம் என்றுதான்.

அந்த வருடம் முடிய முன்னம் கடல் வந்தது. வீடு போனது. வீட்டுக்குள் இருந்த அவளும் போனாள். கண்டெடுத்தவர்கள் மற்றவர்களோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள், நான் காணவில்லை. ஒரு படமில்லை, ஒரு பாவாடையில்லை, தலை வாரின சீப்புக்கூட இல்லை. கடல் எட்டாத வட்டையில், வாடிக் கூரைக்குள், அந்தச் சட்டை மட்டும் மிஞ்சிக் கிடந்தது. நான் வெறுத்த சட்டை. கொலரில் அவளுடைய கழுத்து வேர்வை இருந்தது.

சண்டை எங்கள் பக்கம் ஓய்ந்து வடக்கே போன பிறகும் சுற்றிவளைப்பு நிற்கவில்லை. அப்படி ஒரு சட்டை அகப்பட்ட வீட்டில் ஆண்பிள்ளை மிஞ்சமாட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு இருந்தது மகன் ஒருவன். அகதிகளுக்குக் கட்டித் தந்த தகரக் கொட்டிலில் ஒளிக்க என்ன இடம் இருக்கிறது? ஆகவே தையல் பையின் அடியில் வைத்து வேலைக்குக் கொண்டு வந்தேன், கொண்டு போனேன். சட்டை மகனுக்குத் தூரத்தில் இருக்கவேண்டும், எனக்குக் கிட்ட இருக்கவேண்டும். கொட்டகை அடுத்த ஒழுங்கையில்தான், நடுவில் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றியும் இல்லை. எனக்கு அது சரியாகப் பட்டது.

நீ ஒருநாள் நூற்கட்டை எடுக்க என் பைக்குள் கையை விட்டாய். துணியைக் கண்ணால் பார்க்காமல் கையால் அறிகிறவள் நீ. கையை எடுத்துவிட்டு, நூலைக் கோத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாய்.

"இதயும் வெச்சுக்கொண்டு பொடியனயும் வெச்சிருக்கேலா கா. ரெண்டில ஒண்டுதான்."

"உன்ட வேலையப் பாரு. உனக்கு மகள் இருக்கா."

அன்றிலிருந்து நாம் பேசுவதில்லை. முக்கோணத் துண்டுகளை மேசையில் என் பக்கம் தள்ளிவிடுவாய், நான் எடுத்துக்கொள்வேன். அவ்வளவுதான்.

அவர்கள் வந்தது காலையில். ஒழுங்கையின் இரண்டு தலைப்பிலும் ஆமி. பைகளை உள்ளே வைத்துவிட்டு அடையாள அட்டையோடு வெளியே வரச் சொன்னார்கள். நான் பையைத் தோளில் போட்டபடி எழும்பினேன். வாசலில் நின்றவன் துவக்கு நுனியால் மேசையைக் காட்டினான். திரும்பிப் போய் வைத்தேன். வைக்கும்போது உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. இடுப்பைத் தொட்டுக் காட்டி, நடக்க ஏலாது என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் புருஷன் அம்பாறைப் பக்கம் வேலை செய்த காலத்தில் பழகின சிங்களம். உன்னை இருக்க விட்டார்கள்.

வெளியே பூவரசுக்குக் கீழே எங்களை வரிசையாக நிற்பாட்டினார்கள். வாசலில் நின்றவன் உனக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே மெசின் சுற்றத் தொடங்கியது. அவனுக்கு அது வெறும் வேலைச் சத்தம். எனக்கு அப்படியில்லை. மெல்லிய துணி போனால் அந்த மெசின் முனகாது. அன்றைக்கு அது முக்கி முக்கிச் சுற்றியது. நீ இழுத்து இழுத்துச் சுற்றுகிறாய். பிறகு, நறுக்கென்று ஒரு சத்தம்.

பொத்தான்.

ஒரு பொத்தான் அச்சுக்குள் போனால் தகடு பள்ளம் விழும், பிறகு அந்த அச்சு செத்த மாதிரித்தான் என்று எத்தனை தரம் எங்களைத் திட்டியிருப்பாய். பழைய சட்டை வந்தால் பொத்தான் முழுவதையும் பிடுங்கி, நீ கையால் தடவிப் பார்த்த பிறகுதான் மெசினுக்குப் போகும். அப்படிப்பட்ட நீ பொத்தானோடு வெட்டுகிறாய் என்றால் அது எந்தச் சட்டை என்று எனக்குச் சொல்ல ஆள் வேண்டுமா? வாசல் பக்கம் ஓரடி வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடித்தாள். அது மகனை நினைத்தா, சட்டையை நினைத்தா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

எங்களை உள்ளே கூப்பிட்டுப் பைகளை மேசையில் கவிழ்த்தார்கள். என் பையிலிருந்து நூற்கட்டை, வெற்றிலைப் பொட்டலம், பாதி தைத்த கட்டம் ஒன்று விழுந்தன. வேறொன்றும் இல்லை. மேசை முழுக்கப் பச்சை முக்கோணங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த இலைப் பூத்துணியும் அதுவுமாகக் கலந்து கிடந்தன. வந்தவர்களில் பெரியவன் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தான். அதுதான். என் பிள்ளையின் சட்டைதான்.

நீ சுவரில் தொங்கின மாதிரிக் கட்டத்தைக் காட்டி, இது இலை என்று சொன்னாய். குச்சிக்கு இரண்டு பக்கமும் பச்சை முக்கோணம் வைத்தால் இலை வருகிற கட்டம் அது. அவன் நம்பினானோ என்னவோ, யார் இதைத் தைக்கிறது என்று கேட்டான். நீ என்னைக் காட்டினாய். தைத்துக் காட்டு என்றான். நீ அவன் கையிலிருந்த அந்தத் துண்டையே வாங்கி, ஒரு வெள்ளைத் துண்டோடு சேர்த்து, என் முன்னால் வைத்தாய்.

"நேராத் தையி கா," என்றாய். எத்தனையோ நாளைக்குப் பிறகு நீ என்னோடு பேசின முதல் சொல் அது.

தைத்தேன். அவன் என் தலைக்கு மேலே நின்றான். ஊசி உள்ளே போகிறது, வெளியே வருகிறது. துண்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோக முடியாது. விரல் நுனியால் மட்டும் தொடலாம், அதுவும் தையற்காரி தொடுகிற மாதிரி. அழுகை வந்தால் மகன் போனான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேராக நான் தைத்ததில்லை. அவன் வாங்கி, திருப்பிப் பார்த்து, மேசையில் போட்டுவிட்டுப் போனான்.

அவர்கள் ஒழுங்கையைத் தாண்டிய பிறகு நீ கதிரையிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்தாய். கொலர், பொத்தான் பட்டி, அக்குள் தையல், அச்சுக்கு அடங்காத எல்லாவற்றின் மேலேயும்தான் அவ்வளவு நேரமும் குந்தியிருந்திருக்கிறாய். கொலரைத் தா என்று கையை நீட்டினேன். நீ தரவில்லை. எல்லாவற்றையும் ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டி, இடுப்பைப் பிடித்துப் பிடித்து நடந்து போய் வாவியில் போட்டாய்.

நீ அங்கால் போன நேரம், மேசையில் கிடந்ததில் ஒரே ஒரு துண்டை எடுத்து என் ரவுக்கைக்குள் வைத்தேன். திரும்பி வந்தவள் என் முகத்தைப் பார்த்தாய். எல்லாப் பெண்களுக்கும் முன்னால் என் ரவுக்கைக்குள் கையை விட்டு அதை வெளியே எடுத்தாய். உன் கையைக் கடித்தேன். விடவில்லை நீ.

"ஒண்டும் வேணாம் கா. ஒரு துண்டு கிடந்தாலும் அது முழுச் சட்டைதான்."

பின்னேரம் வீட்டுக்குப் போகையில் ஒழுங்கைத் தலைப்பில் புதிதாகச் சென்றி போட்டிருந்தார்கள். பொம்பிளை ஆமிக்காரி ஒருத்தி என் ரவுக்கைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. விட்டாள். கொட்டிலில் மகன் சோற்றுப் பானையைச் சுரண்டிக்கொண்டு இருந்தான்.

நீ செய்தது சரி. அதை அன்றைக்கே நான் அறிவேன். நீ பிழையாகச் செய்திருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்து, மறுகா ஒரு நாள் உன்னோடு சேர்ந்திருப்பேன். சரியாகச் செய்தவளை என்ன செய்வது?

அதன் பிறகு கட்டத்துக்கு ஒன்றாக அந்தத் துண்டுகளை நீயும் நானும்தான் தைத்தோம். இரண்டு துண்டு ஒரு கட்டத்தில் சேராமல் பார்த்துக்கொண்டாய். நான் களவெடுக்காமலும் பார்த்துக்கொண்டாய். அந்தத் துண்டு தைத்த கடைசிப் போர்வையும் லொறியில் ஏறினபோது நான் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அச்சில் பள்ளம் விழுந்தது விழுந்ததுதான். அதிலிருந்து வந்த ஒவ்வொரு முக்கோணத்திலும் ஒரு மூலையில் இரண்டொரு நூல் வெட்டுப்படாமல் தொங்கும். கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி எல்லாரும் உன்னைத்தான் ஏசினார்கள். மேற்பார்வைக்கு வந்த பிள்ளை, கவனமில்லாத ஆளிடம் மெசினைக் கொடுத்தது பிழை என்று உன் முகத்துக்கு நேரே சொன்னாள். நீ என்னை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அரத்தை எடுத்து ராவிக்கொண்டிருந்தாய்.

சண்டை முடிந்தது என்று றேடியோ சொன்ன அன்று வெளியே வெடி கொளுத்துகிற சத்தம் கேட்டது. நீ மெசினை நிற்பாட்டிவிட்டு என் பக்கம் வந்து இருந்தாய்.

"வெச்சிருந்தா இண்டைக்கு வெச்சிருக்கலாம் எண்டு யோசிக்கிறாய், என்ன?"

"ஓம்."

"ஓம்," என்றாய் நீயும். பிறகு எழும்பி மெசினுக்குப் போனாய்.

கொட்டகையை மூடினபோது ஆளுக்கொரு சாமான் கேட்டார்கள். நீ இந்த உதவாத அச்சைக் கேட்டாய் என்று அப்போதே கேள்விப்பட்டேன். எதற்கு என்று கேட்க உன் வீட்டுப் பக்கம் நான் வரவில்லை. டவுனுக்குப் போனாலும் அந்தத் தெருவால் போகமாட்டேன். மகனுக்குக் கலியாணம் நடந்தபோது உனக்குச் சொல்லவில்லை. நீ சொல்லாமலே வந்து, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, அவன் தலையில் கையை வைத்துவிட்டுப் போனாய். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

இன்று உன் மகள் போன பிறகு, அச்சை நிலத்தில் வைத்தேன். மெசின் இல்லை, அம்மிக் குழவி இருக்கிறது. உன் நீலக் கவுனின் கீழ் ஓரத்தை மடித்து மேலே வைத்து, குழவியால் சுற்றிவரக் குத்தினேன். நீ என்னைக் கேட்டு வெட்டவில்லை. நானும் உன்னைக் கேட்கவில்லை. முக்கோணம் மூன்று பக்கமும் வெட்டுப்பட்டு, அந்த ஒரு மூலையில் மட்டும் நூலில் தொங்கியது. கத்தரிக்கோலை எடுக்கவில்லை. கையால் இழுத்தேன், நூல் நீளமாக அதோடேயே வந்தது.

அதை ரவுக்கைக்குள் வைத்திருக்கிறேன். எழுதும்போது நூல் தோலில் உரசுகிறது. நீ எண்ணெய்க் கையால் தொட்ட துணி, வாசம் போகவில்லை. நான் உன்னை மன்னித்தேன் என்று நினைத்துவிடாதே. இது ஒரு துண்டுதான், நீ சொன்ன கணக்கில் முழுக் கவுன். எடுக்கிறதென்றால் நீயே வந்து எடு.