நிலை மோசம்

மார்ச் 4, செவ்வாய்

அச்சகத்தில் புவியியல் பாடநூல், நூற்றுப்பத்துப் பக்கம் பிழை திருத்தினேன். ‘பாலைவனம்’ மூன்று இடத்தில் ‘பாலவனம்’. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசல் கதவு திறந்து கிடக்கிறது. பட்டப்பகலில் எவனோ உதைத்து உடைத்திருக்கிறான். மடிக்கணினியும் மிக்ஸியும் போயின. மிக்ஸி ஜாரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஜார் இல்லாமல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

மார்ச் 5, புதன்

சோபாவை நகர்த்திக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கினேன். ‘தூங்கினேன்’ என்பது பிழை. படுத்திருந்தேன்.

மார்ச் 8, சனி

தச்சர் வந்தார். ஒடிந்து தொங்கிய மரத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

“பூட்டு நல்லாத்தாம்மா இருக்கு. நிலைதான் போச்சு. இம்மாம் பெரிய பூட்டு அரை இஞ்ச் ஸ்க்ரூல நின்னிருக்கு பாருங்க.”

பூட்டுப் பக்கம் புது மரம் வைத்து, மேலிருந்து கீழ்வரை இரும்புத் தகடு அடித்து, சுவருக்குள் இறங்கும்படி நீள ஸ்க்ரூ ஆறு போட்டார். கீல் பக்கத்துக்கு அடுத்த வாரம் வருகிறாராம். அதற்குள் ஏதாவது ஆட்டம் கண்டால் மெசேஜ் போடச் சொன்னார்.

“தனியாவா இருக்கீங்க? கூடப் பொறந்தவங்க?”

“ஒரு தம்பி. இருக்கான்.”

இருக்கிறான், எட்டு மணி நேர பஸ் தூரத்தில். அப்பா இறந்த அன்று அத்தனை பேர் முன்னால், “பக்கத்துலயே இருந்து நீ என்ன கிழிச்சே?” என்று கேட்டான். நாலு வருஷமாகப் பேச்சில்லை. கதவு உடைந்த அன்று முதலில் அவனைக் கூப்பிடத்தான் கை போனது. கூப்பிட்டு அவன் வராமல் போனால்? திருடனைவிட அதுதான் எனக்குப் பெரிய பயம். கூப்பிடவில்லை.

மார்ச் 12, புதன்

இன்றும் ஆறு தடவை எழுந்து பூட்டை இழுத்துப் பார்த்தேன். பூட்டியே இருந்தது. ஆறு தடவையும்.

மார்ச் 14, வெள்ளி

கீல் பக்கத்து நிலையின் அடியில் பெயிண்ட் உப்பியிருந்தது. கரண்டிக் காம்பால் குத்தினேன். காம்பு உள்ளே போய்விட்டது. மரம் மாவாக உதிர்கிறது. உடனே தச்சருக்கு மெசேஜ் அனுப்பினேன்: ‘நிலை மிகவும் மோசம். உள்ளே முழுக்க அரித்துவிட்டது. இனி அதிக நாள் தாங்காது. ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.’ நாலு வாக்கியம், ஒரு பிழை இல்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

மார்ச் 15, சனி

காலையில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். கதவில் டமார் என்று சத்தம். மறுபடி டமார். வந்துட்டான், திரும்ப வந்துட்டான் — இந்தத் தடவ நான் உள்ள இருக்கேன். சொட்டச் சொட்ட இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். எண்ணினேன். ஏழு. கதவு அசையவில்லை. எட்டாவதற்குப் பதில் “ஐயோ” என்று கேட்டது. அப்புறம், “அக்கா! உயிரோட இருக்கியா?”

திறந்தேன். தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான்.

“கையில என்னது?”

“இஸ்திரிப் பெட்டி. உன் மண்டைக்கு.”

போனை நீட்டினான். என் நாலு வாக்கியமும் அதில் இருந்தன. என் போனில் தச்சருக்கு அடுத்த பெயர் தம்பி. அனுப்பிய பிறகு அவன் முப்பது தடவை கூப்பிட்டிருக்கிறான். அச்சகத்துப் பழக்கம், என் போன் எப்போதும் ஊமை. பஸ் ஏறி வந்து பார்த்தால் வாசலில் செருப்பு இருக்கிறது, தட்டினால் பதில் இல்லை.

“‘வாடா’ன்னு எழுதியிருந்தா நிதானமா வந்திருப்பேன். எனக்குப் போய் ‘போங்கள்’னு மரியாதை! சரி, அக்கா கதை முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேன்.”

“நிலைன்னா இந்த நிலைடா.” தொட்டுக் காட்டினேன்.

அவனும் தொட்டுப் பார்த்தான். சிரித்தான். அப்புறம் அழுதான். கேட்டால் தோள் வலியாம்.

இருபத்தாறு வருஷமாக ஊரார் பிழையைத் திருத்துகிறேன்.

மார்ச் 17, திங்கள்

எலும்பு முறியவில்லை, சவ்வுதான். பத்து நாள் கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட வேண்டும். சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். நாற்பத்துநாலு வயது. காலரைச் சரியாக இழுத்துவிடவில்லை என்று குறை வேறு.

மார்ச் 19, புதன்

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அப்பா விஷயத்துல நான் பேசினது தப்பு. கடைசில நான் வரலையேங்கிற கோவம். அத உன் தலைல போட்டுட்டேன்.”

“தெரியும்” என்றேன்.

தெரியாது. இப்போதுதான் தெரியும். நாலு வருஷமும் அவன் சொன்னது உண்மையோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 22, சனி

தச்சர் வந்து கீல் பக்கத்தையும் மாற்றினார். இன்னொரு தகடு, இன்னும் ஆறு ஸ்க்ரூ.

“இவரு யாரும்மா?”

“உங்களுக்குப் பதிலா வந்தவன்.”

முழுக் கதையையும் கேட்டார். தம்பியின் தோளைவிடக் கதவைத்தான் அதிக நேரம் பார்த்தார். “எந்தப் பக்கம் இடிச்சீங்க தம்பி? பூட்டுப் பக்கமா? நல்லவேளை. கீல் பக்கம் இடிச்சிருந்தா ஒரே இடி, உள்ள போய் விழுந்திருப்பீங்க.”

தம்பி முகத்தில் லேசாக வருத்தம் தெரிந்தது.

மார்ச் 26, புதன்

தம்பியை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அடுத்த மாசம் மனைவியோடு வருகிறானாம். வீடு பெரிதாகத் தெரிகிறது. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

காலையில் செய்தித்தாள் எடுக்கப் போய்ச் சாவியைத் திருப்பினால் திரும்பவில்லை. பூட்டியிருந்தால்தானே. தாழ்ப்பாளும் போடவில்லை. இரண்டு தகடு, பன்னிரண்டு ஸ்க்ரூ வைத்து, கதவை வெறுமனே சாத்திவிட்டு எட்டு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

தச்சரிடம் சொல்லக் கூடாது.